டொராண்டோவிலிருந்து திருத்தணிக்கு

அம்மா வியாழக்கிழமை விடியலில் போய்விட்டாள். டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். அவன் அழவில்லை. "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கக்கா. மூஞ்சிய ஒருவாட்டி பாத்துடறேன்" என்றான். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே பிள்ளையும் அவன்தான்.

ஐஸ் பெட்டி வந்ததும் ஆளாளுக்கு விமானக் கணக்குப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் போனைத் தட்டி, பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்றார். நேர்கோடு இழுத்துச் சொன்ன கணக்கு அது. அப்படிப் பறக்கும் விமானமே கிடையாது. நடுவில் ஏதோ ஓர் ஊரில் அவனைப் பாதி நாள் உட்காரவைத்துவிட்டார்கள்.

தாய்மாமா ஒன்றையே பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். சனிப் பொணம் தனியா போவாது." துணைக்கு இன்னொரு உயிரைக் கேட்குமாம்.

"பாடையில கோழி கட்டி எடுத்துக்கலாமே மாமா" என்றேன்.

"உன் பொண்ணு புள்ளத்தாச்சியா உள்ள நிக்கறா. கோழிய நம்பி வெளையாடுவியா நீ?"

நான் உள்ளே போய் மகளை உட்காரச் சொன்னேன்.

வெள்ளி மத்தியானம் தம்பி சென்னையில் இறங்கி, டாக்ஸியில் ஏறிவிட்டதாகச் சொன்னான். அப்பாடா என்றிருந்தது. உலகத்தையே தாண்டி வந்துவிட்டான், இனி என்ன, கூப்பிடு தூரம்தானே!

அன்று ஆடிக் கிருத்திகை. எங்கள் தெருமுனையிலேயே காவடிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கிருத்திகைக்கு ரோட்டில் வராதே, ரயிலில் வா என்று இந்த ஊரில் கைக்குழந்தைகூடச் சொல்லும். அத்தனை பேரில் ஒரு பாவிக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் ஆகாயத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், கனகம்மாசத்திரத்திலேயே டாக்ஸியைப் போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். "நடந்து வந்துகினு இருக்கேன்க்கா, எடுத்துடாதீங்க" என்று தம்பி போனில் கத்தினான். பின்னால் அரோகராச் சத்தம். அவனைக் கூட்டிவர பைக்கில் போன என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நுழைய முடியாமல் திரும்பி வந்தார். வீடியோவிலாவது அம்மா முகத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், அத்தனை ஜனத்தில் டவரே இல்லை.

பொழுது இறங்கியது. மாமா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொள்ளிச் சட்டியைப் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்டான். என் மகள் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்த பிறகு நான் யாரோடு சண்டை போடுவது? ஆனாலும் வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். செருப்பு ஒன்றுதான் இருந்தது. நெற்றியில் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வழியெல்லாம் மோர் குடுத்தாங்கக்கா. என்னா வேண்டுதல்னு கேட்டாங்க. எங்கம்மாவப் பாக்கணும்னு சொன்னேன். பாத்துடுவ, போ நைனான்னு வழி விட்டாங்க."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.