ஆச்சி தொடங்கி வைத்த பின்னல்கள்

முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், கண்டியிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் உடன்பிறந்த அக்காளை ஆச்சி என்று அழைப்பது வழக்கம், கல்யாணமான பெண்களை மரியாதைக்கு அப்படி அழைப்பதும் உண்டு. ஆச்சி என்றதும் பல் போன கிழவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். என் ஆச்சிக்குக் கடைசி வரை ஒரு பல்லும் ஆடவில்லை. முறுக்கை நறுக்கென்று கடித்துக்கொண்டேதான் என்னை ஏசுவார்.

ஆச்சி பிறந்தது கல்லலில். என்னைப் பெற்ற சில மாதங்களில் எங்கள் ஆத்தா காலமாகிவிட்டார். அன்றிலிருந்து என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் ஆச்சி. அவரும் அப்போது சிறுமிதான். காரைக்குடியில் அவரைக் கட்டிக் கொடுத்தபோது நானும் அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பாதி உண்மை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் கிடந்தது காரைக்குடியில்தான்.

ஆச்சிக்குக் கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். பசித்த முகத்தோடு அவர் வாசலைத் தாண்டிப் போனவர் எவரும் இல்லை, ஏச்சு வாங்காமல் போனவரும் இல்லை. அத்தானுக்குக் கண்டியில் கடை. போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊருக்கு வருவார். அத்தனை பெரிய வீட்டில் மாமியார், நாத்தனார் நடுவே ஆச்சி தனியாகத்தான் நாளைத் தள்ளினார்.

அந்த நாளில் வீடு வீடாக வந்து பெண்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் ஆச்சி கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொண்டார். இந்த வெயிலில் கம்பளியா என்று சிரிக்காதீர்கள். அத்தான் இருந்தது மலைநாடு. அங்கே விடியற்காலையில் எழுந்து பல் தேய்க்கவே மனசு வராது. ஊசியில் முதல் வரிசைக் கண்களை, அதாவது நூல் வளையங்களை, ஏற்றுவதும், வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டு போவதும் ஆச்சிக்கு நன்றாக வந்துவிட்டன. கடைசி வரிசையை எப்படி மூடி ஊசியை வெளியே எடுப்பது என்று சொல்லித் தருவதற்குள் அந்த அம்மாளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

நாமே செய்து பார்ப்போம் என்று, அத்தானுக்காகப் பின்னிய மப்ளரிலிருந்து ஆச்சி ஊசியை உருவினார். நுனி நூலை இழுத்து முடிச்சுப் போடப் போனார். இழுக்க இழுக்க அவிழ்ந்து, அத்தனை நாள் வேலையும் மடியில் நூலாகக் கிடந்தது. மாமியாரும் நாத்தனாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்றோடு ஆச்சி எதிலிருந்தும் ஊசியை உருவவே இல்லை. மப்ளரோ குல்லாவோ, கடைசி வரிசை வந்ததும் ஊசியோடு பெட்டிக்குள் போய்விடும். அடுத்த நாளே இன்னொன்று தொடங்கிவிடுவார். அந்த அம்மாள் கொடுத்துப் போன ஊசிகள் எல்லாம் இப்படிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதும், அத்தானின் பழைய குடையைப் பிரித்துக் கம்பிகளை நறுக்கி, நுனியைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டார். பழைய குடைகள் தீர்ந்ததும் புதுக்குடைகளும் போயின. அத்தான் ஊருக்கு வரும்போது குடையோடு வருவார், திரும்பும்போது வெறுந்தலையோடு போவார்.

எனக்கென்று தொடங்கிய ஸ்வெட்டரும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. கண்டிக் கடையில் வேலை பழக நான் முதன்முதல் போனபோது தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அடுத்த பயணத்துக்குள் முடித்துவிடுவேன் என்பார். நான் கடையில் எடுபிடி பார்க்கும் பெட்டியடிப் பையனாக இருந்து மேலாளாகி, தொந்தியும் போட்டாயிற்று. ஸ்வெட்டர் வரவில்லை. ஆச்சி எதையும் முடிக்கமாட்டார் என்று வீட்டில் பேராகிவிட்டது. முடிக்கத் தெரியாது என்று சொல்வதைவிட அந்தப் பேரே இருக்கட்டும் என்று அவரும் இருந்துவிட்டார். அவ்வளவு வீம்பு.

இப்படியே போயிருக்கும். ஆச்சியின் ஒரே மகளுக்குத் தேவகோட்டையில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளைக்கு நுவரெலியாவில் தொழில். எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவு முற்றம் நிறையப் பரப்பி வைப்போம், ஊரே வந்து பார்க்கும். ஆச்சி ஒரு நாள் வாய்த் தாராளத்தில், குளிர் ஊர் மாப்பிள்ளைக்கு வேண்டிய கம்பளிச் சாமான்களை எல்லாம் என் கை வேலையாகவே பரப்புவேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நாத்தனார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்து ஆச்சிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னது பொய்யென்று ஆனால், போகிற இடத்தில் மகள் அல்லவா பேச்சுக் கேட்க வேண்டும்.

கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால், சாமான்களைப் பார்த்துப்போகச் சம்பந்தியம்மாள் தேவகோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆச்சி பதறிப்போய், அந்தப் பெட்டியை உள்கட்டில் கொண்டுபோய் வைக்கும்படி என்னிடம் சொன்னார். தாய்மாமனுக்கு வந்த வேலையைப் பாருங்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவைக் கடக்கையில், மூடி இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த குடைக்கம்பி ஒன்று என் வேஷ்டியில் மாட்டியது. வேஷ்டியைப் பிடிப்பதா, பெட்டியைப் பிடிப்பதா? நான் வேஷ்டியைப் பிடித்தேன். பெட்டி விழுந்து திறந்து, மப்ளரும் குல்லாவும் காலுறையுமாகச் சம்பந்தியம்மாள் காலடியில் சிதறின. எல்லாவற்றிலும் கம்பி.

எல்லாம் தொடங்கினது, முடித்தது ஒன்றுகூட இல்லை என்று நாத்தனார் விளக்கம் சொன்னார். சம்பந்தியம்மாள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கீழே உட்கார்ந்து ஒரு மப்ளரை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடேசி வரிசைதானே பாக்கி. ஏன் ஆச்சி விட்டுட்டீக?”

ஆச்சி என் முகத்தைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். பிறகு, அத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “மூடத் தெரியாது. சொல்லிக் குடுக்க ஆளில்ல.”

சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை எடுத்து அடுத்த கண்ணுக்கு மேலாகப் போட்டு, அதை அடுத்ததற்கு மேலாகப் போட்டு, பேசிக்கொண்டே அந்த மப்ளரை மூடிக் கம்பியை உருவிக் கையில் கொடுத்தார். ஒரு நூல் அவிழவில்லை. “எனக்கு முத வரிசை ஏத்த வராது ஆச்சி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்த அம்மா அவுகளே ஏத்திக் குடுத்துருவாக. அவுக ஊரை விட்டுப் போனப்புறம் நான் ஊசியையே தொடல” என்றார்.

ஆச்சி அழுதார். நான் பார்க்க அவர் அழுதது அபூர்வம். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் முகப்பில் இருந்த ஆண்பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மாள் ஒவ்வொன்றாக மூடிக்கொடுக்க, கல்யாணத்துக்குள் பெட்டி காலியாயிற்று. வெள்ளியும் பித்தளையும் பரப்பிய இடத்தில் கம்பளிக்கென்று தனிப் பாயே விரித்தார்கள். என் ஸ்வெட்டர் என் தொந்திக்கு நுழையாமல் மாப்பிள்ளைக்குப் போயிற்று. மிஞ்சிய கம்பிகளைப் பார்த்து அத்தான், இதை வைத்து ஒரு குடைக்கடையே போடலாம் என்றார்.

அதற்குப் பிறகும் ஆச்சி முதல் வரிசை ஏற்றிப் பின்னுவார், கடைசி வரிசையைச் சம்பந்தியம்மாளுக்கு வைத்துவிடுவார். காரைக்குடிக்கு ரயில் வந்த பின்பும் அவர் தேவகோட்டையிலிருந்து மாட்டுவண்டியிலேதான் வந்துபோவார். இரண்டாங்கட்டில் இருவரும் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. அத்தான் தவறிய துக்கத்தையும் ஆச்சி அப்படித்தான் கடந்தார். மூடுவதைத்தான் பார்த்துப் பழகிவிட்டீர்களே, நீங்களே மூடினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “நானே மூடிட்டா அவுக எதுக்குடா இம்புட்டுத் தூரம் வருவாக?” என்றார்.

கடைசியில் கால் வீங்கிப் படுக்கையில் விழுந்தார். என்னைக் கூப்பிட்டு, கடையில் நல்ல கம்பியாகப் பார்த்து ஒரு குடை வாங்கிவரச் சொன்னார். படுத்திருப்பவருக்குக் குடை எதற்கு? வாங்கிக்கொடுத்தேன், பிரித்துவிட்டார். ஒரு கம்பியில் கண் ஏற்றுவார், இரண்டு வரிசை பின்னுவார், எடுத்து வைத்துவிட்டு அடுத்த கம்பியை எடுப்பார். பழைய குணம் திரும்பிவிட்டது என்று நானும் நாத்தனாரும் கேலி செய்தோம். ஆச்சி சிரித்துக்கொண்டே அடுத்த கம்பியை எடுத்தார். மகள் மடியில் தலை வைத்து, அதிகம் வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இந்தத் திதிக்காக வீட்டை ஒதுக்கும்போது அந்தப் பெட்டியைத் திறந்தோம். நிறையக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் இரண்டே வரிசை. கடைசி வரைக்கும் தொடங்கித் தொடங்கி விட்டுத்தான் போயிருக்கிறார் என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலாவது உதவட்டும், பிரித்துவிடலாம் என்று நான் ஒரு கம்பியை உருவப் போனேன். திதி வேலைக்கு முன்கூட்டியே வந்திருந்த சம்பந்தியம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

“கைய எடுங்க தம்பி. இது விட்டுட்டுப் போனது இல்ல. எனக்கு முத வரிசை ஏத்த வராதுல்ல, அதான் ஏத்தி வச்சுட்டுப் போயிருக்காக.”

உருவப் போன கையை எடுத்துக்கொண்டேன். ஆச்சியைப் பற்றி எல்லாம் தெரியும் என்றிருந்தேன்.

படுக்கையில் இருந்த நாளெல்லாம் வந்து பார்த்த வைத்தியருக்கும், துக்கத்தில் துணை நின்ற கல்லல், காரைக்குடிப் பங்காளிகளுக்கும், அடுப்படியைத் தாங்கிய பெண்களுக்கும், குறை சொன்ன வாயாலேயே ஆச்சி படுத்திருந்த ஒரு வருஷமும் அவருக்குக் கஞ்சி ஊட்டிய நாத்தனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சம்பந்தியம்மாளுக்கு நன்றி எழுதக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டுவிட்டார். நான் இதை எழுதும்போது இரண்டாங்கட்டில் உட்கார்ந்து ஒரு குல்லாவைப் பின்னிக்கொண்டிருக்கிறார். திதிக்குள் எத்தனை முடியும் என்று கேட்டேன். “வருசத்துக்கு ஒன்னுதான் தம்பி முடிப்பேன். எல்லாத்தையும் முடிச்சுட்டா அப்புறம் யாரு எனக்கு ஏத்திக் குடுப்பாக?” என்றார்.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். இன்னும் நிறைய இருக்கிறது.