அம்மாவின் படத்தில் இருந்த கை

ஈரத் துணியும் சந்தனமும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை, வெள்ளிக்கிழமை காலைகளில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் எங்கள் ஒற்றையறைக் 'காம்பரா' முழுவதும் நிறைந்திருக்கும். அப்பா குளித்துவிட்டு வந்து, சுவரிலிருந்த அம்மாவின் படத்தைத் துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்த பிறகுதான் வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பெரட்டு'க்குக் கிளம்புவார். போன வாரத்துப் பொட்டின் தடம் தெரியக்கூடாதென்று அழுத்தி அழுத்தித் துடைப்பார்.

கொஸ்லந்தைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். என்னைப் 'பிள்ளைக் காம்பரா'வில் விட்டுவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போய்வந்த வயதிலேயே, ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவளுடைய முகமோ குரலோ எனக்குள் தங்கவில்லை. சுவரிலிருந்த படம்தான் எனக்கு அம்மா. நீலப் பட்டுச் சேலை, பூச்சாடி வைத்த சிறு மேசைமேல் ஊன்றிய வலது கை, நீண்ட விரல்கள், அதிலொன்றில் சிவப்புக்கல் மோதிரம். முகத்தைவிட அந்தக் கையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கனவில் அந்தக் கை வந்து நெற்றியைத் தொடும், தலை வாரிவிடும். மோதிரம் காதோரம் படும்போது சில்லென்றிருக்கும்.

ஒருநாள் கீழே 'பணிய லய'த்தில் இருந்த பள்ளித் தோழி வீட்டுக்கு விளையாடப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரிலும் என் அம்மா இருந்தாள். அதே சேலை, அதே பூச்சாடி, அதே மோதிரக் கை; முகம் மட்டும் வேறு யாருடையதோ. நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து தோழியின் பெரியம்மா ஓடி வந்தார். எங்கம்மா கையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் தேம்பியபோது அவர் சிரிக்கவில்லை.

"அடையாள அட்டையில மூஞ்சிதானே புள்ள இருக்கு, கைக்கு எங்க போறது? பதுள ஸ்டூடியோக்காரரு குடுத்த ஒடம்பு அது. செத்த பொம்பளைங்க எல்லாருக்கும் அதுதான்."

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். பாதி வீடுகளில் அந்தக் கை இருந்தது. இத்தனை வீட்டிலும் இருப்பவள் ஒருத்திதான், முகத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. அப்படியும் கனவில் அந்தக் கை வருவது நிற்கவில்லை. வராத நாட்களில் ஏங்கவும் செய்தேன்.

வளர்ந்து கொழும்பில் வடிவமைப்பாளரானேன். தோட்டத்தில் இதற்கு 'கம்ப்யூட்டர்ல படம் ஒட்டுற வேல' என்று பெயர். கௌரவமான பெயரெல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதும் அதைத்தான். போன பொங்கலுக்குப் போனபோது அப்பா படத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். அம்மாவின் முகம் இருந்த இடம் வெளிறி, வெறும் மஞ்சள் வட்டமாகியிருந்தது. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றும், நான்தான் சரிசெய்து தரவேண்டும் என்றும் சொன்னார்.

படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். கழுத்தோரம் பிளேடால் வெட்டி ஒட்டிய கோடு தெரிந்தது. உடம்பு புதுசுபோல் இருந்தது. முகத்தில் பூஞ்சணம் எதுவும் இல்லை. ஒரே திசையில் சுற்றிச் சுற்றித் தேய்த்த மெல்லிய கீறல்கள்தான் இருந்தன. நான் பள்ளியில் படித்த காலத்திலேயே படம் காற்றில் விழுந்து கண்ணாடி உடைந்ததும், நாங்கள் வேறு கண்ணாடி போடாததும் அப்போதுதான் உறைத்தது. வெறும் படத்தை, வெள்ளிக்கு வெள்ளி, ஈரத் துணியால். எனக்கு அழுகை வந்தது. பழைய பேப்பர், அதுதான் இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

அம்மாவின் அடையாள அட்டையை, ஸ்டூடியோக்காரர் படியெடுத்த பிறகு, சாவு பதியும்போதே அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். வேறு படம் கிடையாது. நெகட்டிவ் இருந்தால்தான் உண்டு என்று பெரகலயில் பஸ் மாறிப் பதுளைக்குப் போனேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஃபோன் பழுதுபார்க்கும் கடை இருந்தது. ஸ்டூடியோக்காரர் காலமாகிவிட்டார், மனைவி மாடியில் இருக்கிறார் என்றார்கள். மாடியேறினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நெகட்டிவ்களை எல்லாம் வெகுகாலத்துக்கு முன்பே எறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் தன் வலது கையை வைத்தார்.

"இது நான் பிள்ளை. அவர் என்ர கலியாணப் படத்தை வெட்டித்தான் எல்லாருக்கும் ஒட்டினவர். பஸ்ஸில தோட்டத்துப் பிள்ளையள் என்ர கையையே பாத்துக்கொண்டு இருக்குங்கள். எனக்கு நெஞ்சு பதறும்."

முட்டிகள் தடித்து, தோல் சுருங்கியிருந்தாலும் அந்த விரல்கள்தான். என்னை அறியாமல் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் முகத்தைத் தேடிப் போன நான், அம்மா அல்லாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்காக அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் நெகட்டிவ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அப்பா படம் இல்லாத சுவரைப் பார்த்தார்.

"எனக்கு அவ மொகம் இப்ப சரியா வர மாட்டேங்குது பாப்பா. ஒனக்கு ஞாபகம் இருக்குல்ல? நீயே வரைஞ்சிரு."

"இருக்குப்பா," என்றேன்.

இன்று லயங்களில் அந்தப் படங்கள் இல்லை. செத்துப்போனவர்கள் தங்கள் சொந்தக் கைகளோடு ஃபோனில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் திரையில் ஒரு நீலச் சேலை, அதற்குமேல் ஒரு வெற்று வட்டம். யாருடைய முகத்தையும் என்னால் அங்கே வைத்துவிட முடியும். அப்பாவும் அதை அம்மா என்றே நம்புவார். அதனால்தான் கை ஓட மறுக்கிறது. எப்போது முடியும் என்று அவர் ஃபோனில் கேட்கும்போதெல்லாம், கண்ணு மட்டுந்தான்ப்பா பாக்கி என்கிறேன்.