புளியங்குளத்துப் பூந்தோட்டம்

தோட்டம் பார்ப்பது என் சித்திக்கு ஒரு வருத்தம், தீராத நோய் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊருக்குப் பயணம் போனாலும் அங்கே யாருடைய வீட்டு வளவில் நல்ல பூக்கள் நிற்கின்றன என்று விசாரித்துவிடுவார். முல்லைத்தீவில் ஒரு செத்தவீட்டுக்குப் போன இடத்தில், பக்கத்துத் தேவாலய வளவில் ரோசாக்களைப் பார்க்கப் போய், பிரேதம் எடுத்த பிறகு திரும்பி வந்தவர் அவர். அதனால்தான் சித்திக்குப் பேசிய வெளிநாட்டு மாப்பிள்ளை அனுப்பிய படத்தில், அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பூப்பாத்திகள் தெரிந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

"உனக்கெண்டே பாத்துக் கட்டின தோட்டம் மாதிரிக் கிடக்கு. இன்னும் என்னடி யோசிக்கிறாய்?" என்று அம்மா கேட்டார்.

சித்தி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டைக் காலம். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு எடுத்து, தாண்டிக்குளத்தில் புலிகளின் பக்கத்திலிருந்து இராணுவத்தின் பக்கத்துக்கு நடந்து கடக்க வேண்டும். பின்னேரமானால் பாதையை மூடிவிடுவார்கள். சித்தியின் பாஸ் அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் செல்லும். அது தவறினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் விமானச்சீட்டு வேறு காத்திருந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து விடியவே உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறினோம். வழியனுப்ப அப்பா வந்தார். நான் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். புளியங்குளத்தில் பாஸுக்குக் கடைசி முத்திரை குத்த வேண்டும். எங்களை ஒரு பாலைமரத்தின் கீழ், அசைய வேண்டாமென்று இருத்திவிட்டு அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்: "சித்தியில கண் வைச்சிரு. பூவைக் கண்டால் ஆள் போயிடும். பன்னிரண்டு மணிக்கு உழவு மெசின் வெளிக்கிடும்."

அவர் வரிசையில் மறைந்ததும் சித்தி எழும்பினார்.

"வா, ஒரு வளவு பாத்திட்டு வருவம்."

"அப்பா அசைய வேண்டாமெண்டவர்."

"அஞ்சு நிமிசம்தான்."

ஒழுங்கை ஒன்றில் திரும்பி நடந்தோம். ஓய்வுபெற்ற ரோட்டு ஓவசியர் ஒருவரின் வீடு அது. ஷெல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கரின் மண்மேடு முழுக்கப் பத்துமணிப்பூ நட்டிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக அந்த மேடு வெயிலில் விரிந்து கிடந்தது. அதைத் தாண்டினால் குரோட்டன்கள், வாய்க்கால் ஓரத்தில் கல்வாழை, கிணற்றடியில் ஒரு பந்தல் நிறைய மல்லிகை. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, "ஆர் பிள்ளையள்? இருங்கோ" என்று கதிரை எடுத்துப் போட்டார்.

ஐந்து நிமிடம் போயிற்று. சித்தி ஒவ்வொரு செடியாகப் பெயர் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த அம்மா தேத்தண்ணி போடட்டுமா என்றபோது, "ஓம், போடுங்கோ" என்றார். பயணம் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தி ஓரமாகக் குந்திக்கொண்டார். என்னிடம் மணிக்கூடு இல்லை. பத்துமணிப்பூக்களில் சில மெல்லக் கூம்பத் தொடங்கியதைக் கண்டேன். அவை மத்தியானத்தோடு மூடிவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே சித்திதான்.

"சித்தி, பூ மூடுது. வாங்கோ."

"கொஞ்சம் பொறு."

அப்போதுதான் தெருவில் அப்பாவின் குரல் கேட்டது. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு சித்தியின் பெயரை. நான் வாயைத் திறக்கவும் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சத்தம் போடாதை."

அப்பாவின் குரல் வேலியைக் கடந்து மற்றப் பக்கமாகத் தூரப் போனது. உழவு இயந்திரம் உறுமுவதும் கேட்டது. எனக்குப் பாதை மூடுவது தெரிந்தது, விமானம் போவது தெரிந்தது, அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவது தெரிந்தது. கையை உதறிக்கொண்டு வேலிப் படலைக்கு ஓடி, "அப்பா, இஞ்ச நிக்கிறம்!" என்று கத்தினேன்.

வந்த வேகத்தில் அப்பா எனக்கொரு அறை விட்டார். அதற்குமுன் அவர் என்னை அடித்ததில்லை.

"அவளை அடியாதேங்கோ அத்தான். நான்தான் கூட்டி வந்தனான்" என்றார் சித்தி. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். தேத்தண்ணித் தட்டோடு வந்த வீட்டுக்கார அம்மா வாசலில் அப்படியே நின்றார்.

பெட்டியில் இருந்த சனம் எங்களைத் திட்டித் தீர்த்தது. தாண்டிக்குளத்தில் பாதை மூட இன்னும் நேரம் இருந்தது. சித்தி என் கன்னத்தைத் தடவிவிட்டுச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வரிசையோடு நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

வீட்டில் எனக்குப் பெரிய பேர். "இவள் கத்தியிராட்டில் பயணம் நிண்டிருக்கும்" என்று அம்மா வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னார். சித்திக்குப் பூவைக் கண்டால் காது கேளாது என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மணிக்கட்டைப் பிடித்ததை மட்டும் ஏனோ நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கலியாணப் பேச்சில் சித்தியிடம் எல்லோரும் கதைத்தார்கள், விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டது ஒரேயொரு உதவி: சத்தம் போடாதை. அதைக் கேட்க அவருக்கு நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.