இரும்புக்கு எண்ணெய்க் காப்பு

என் அக்காவின் கணவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். மலேசியாவில், சுங்காய் என்ற சின்ன ஊரில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் கைபட்ட வண்டியில் ஒரு குறை வந்தால் அது ஓட்டுபவரின் குறை. அவர் கைபடாத வண்டி என்றால் வண்டியே குறை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் முதல் அவரை அத்தான் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். அந்த மரியாதை வாயோடு சரி.

என்னிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணம் கட்டாத, நாற்பதைத் தாண்டிய பொம்பளை, சேமிப்பைப் போட்டு வீடு வாங்காமல் இப்படி ஒரு தகரத்தை வாங்கி வைத்திருக்கிறாளே என்பது எங்கள் குடும்பத்தின் தீராத வருத்தம். வாரநாளில் ஈப்போவில் வேலைக்குப் போவது அதில்தான். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்கே இருக்கும் பந்தயத் தடத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் நாளில், அங்கே கொண்டுபோய் மனம் போல ஓட்டுவேன். ஜெயிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் காரில் சாகும்வரை ஏற மாட்டேன் என்று அக்கா சாமி மேல் சத்தியம் செய்திருந்தாள்.

சண்டை பிரேக் பேடில் தொடங்கியது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை, பிரேக் மிதித்ததும் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற துண்டுதான் பேட். காரோடு வந்த பேட் ரோட்டுக்குத் தங்கம். சத்தம் போடாது, மழையிலும் பிடிக்கும். தடத்தில் நாலைந்து சுற்று போவதற்குள் தீய்ந்த வாடை அடித்தது. அடுத்த வளைவில் மிதித்தால் பிடிப்பே இல்லை. புல்லுக்குள் போய்த்தான் நின்றேன். என் வாய் சும்மா இருக்காமல் அதை அத்தானிடம் சொன்னது.

அவர் அன்றைக்கே அசல் பந்தயப் பேடை மாட்டிக் கொடுத்தார். அந்த ரகம் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கவ்வும். தடத்தில் சூட்டுக்குக் குறையே இல்லை. ஆனால் நான் மறுநாள் காலை போனது தடத்துக்கு இல்லை, வேலைக்கு. மழை. முதல் சிவப்பு விளக்கில் மிதித்தேன். கார் நிற்பதாக இல்லை. முன்னால் நின்ற பள்ளி பஸ்ஸின் முதுகுக்கு ஒரு முழம் விட்டு ஒருவழியாக நின்றது. பின் கண்ணாடியில் பிள்ளைகள் எனக்குக் கை காட்டிச் சிரித்தார்கள். நான் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலமே சுங்காய்க்குப் போய் அத்தானிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பேடு நல்ல பேடு. ஒனக்குக் கால்ல பலம் பத்தலலா," என்றார்.

பட்டறையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பிறகு யாரையும் கேட்காமல் நானே யோசித்தேன். ஒவ்வொரு முறையும் தடத்துக்குப் போகும் முன் பேடைக் கழற்றி மாற்றி, வந்ததும் திரும்ப மாற்ற எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே பேட்தான் இரண்டுக்கும் வேண்டும். அப்படியென்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதும் கவ்வ வேண்டும், அது முதல் நிபந்தனை. ஏனென்றால் தடத்தில் என் முன்னால் பள்ளி பஸ் நிற்பதில்லை. சூட்டை ஓரளவு தாங்கினால் போதும், நான் சுற்றைக் குறைத்துக்கொள்வேன். சீக்கிரம் தேயட்டும், கரித்தூள் கொட்டட்டும், கொஞ்சம் கிறீச்சிடட்டும். அப்படி ஒரு நடுத்தர ரகத்தை ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் சொல்லி வரவழைத்து, அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு யோசித்து எதையும் வாங்கியதில்லை. அத்தானுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கொழுந்தியாள் பேடை வேறு பட்டறையில் மாட்டிவிட்டாள் என்பது மட்டும் ஏறியது. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அதே பேச்சு. இவள் போட்டிருப்பது ரோட்டுக்கும் ஆகாது, ரேசுக்கும் ஆகாது, ஒரு நாள் நிற்காமல் போகும், அன்றைக்குத் தெரியும் என்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்வார். அந்த ஒரு நாளுக்காக அவர் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். அதற்காக எவ்வளவு தூரம் போவார் என்பதுதான் தெரியாது.

அடுத்த முறை நான் தடத்துக்குக் கிளம்பும் முன் முனியாண்டி கோயிலில் வண்டிப் பூசை போட்டே ஆகவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். சுங்காய்க்குப் பக்கத்தில், எங்கள் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய தோட்டத்துக் கோயில் அது. மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தின் மேல் எனக்கு ஏக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது, கொசுக்கடிதான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் எந்த ஊருக்குக் குடிபோனாலும் வண்டியை முனியாண்டிக்குக் காட்டாமல் தூரம் போக மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. முனியாண்டியின் அரிவாளுக்கும் சூலத்துக்கும் நல்லெண்ணெய்க் காப்பு போடுவார்கள். பால் வெட்டுகிற உளியைக்கூட அந்தக் காலத்தில் சாமி முன்னால் வைத்து எண்ணெய் தொட்டுத்தான் எடுத்துப்போவார்களாம். இரும்பு என்று இருந்தால் அதற்கு எண்ணெய் போட வேண்டும். அங்கே யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

பூசாரி வாரநாளில் பள்ளிக்கூடத்தில் புல் வெட்டுகிறவர், நல்ல மனிதர். காருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் பொங்கல் பானையைக் கழுவக் கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்விட்டோம். அத்தான் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். திரும்பி வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது, சூடமும் காட்டி முடித்திருந்தார்கள்.

கோயிலிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஒரே இறக்கம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினால், திரும்பிப் பார்க்காமல் ரோடு வரைக்கும் போய்விட்டு வர வேண்டும். அந்த ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓயாமல் போகும்.

நான் ஏறி என்ஜினை முடுக்கினேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து அவர் சிரிப்பதே அபூர்வம். சாமி சந்நிதியில் மனிதர் கொஞ்சம் இளகிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரோட்டு வரைக்கும் நானும் வாரேன். பூச போட்டு மொத தடவ ஒத்தையில போவாத," என்றாள்.

நான் ஆச்சரியத்தில் அவளையே பார்த்துக்கொண்டு காரை நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதற்குள் அத்தான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காருக்குக் குறுக்கே ஓடி வந்தார். பதறி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் உறுதியாகத்தான் இருந்தது, கார்தான் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் அவர் முழங்காலில் இடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. முன்பக்கத்து மூடியின் மேல் விழுந்தவரின் சட்டையெல்லாம் சந்தனம்.

நிற்காது என்று தெரிந்த காருக்குக் குறுக்கே வந்து விழுந்தார். என் அக்காவின் மேல் அவருக்கு உயிர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நொண்டிக்கொண்டே வந்து அக்கா பக்கத்துக் கதவைத் திறந்தார். "எறங்கு. பிரேக்குல எண்ணெ இருக்கு, புடிக்காது," என்றார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன் சக்கரம் இரண்டிலும், கம்பிகளுக்கு இடையில் தெரிந்த இரும்புத் தட்டு எண்ணெயில் மினுங்கியது. பேட்களிலும் எண்ணெய் இறங்கியிருந்தது. பூசாரி கையில் இன்னும் அந்த எண்ணெய்த் துணி இருந்தது. தட்டையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தபடி சொன்னார்.

"பளபளன்னு இரும்பா இருந்துச்சுக்கா, அருவாளுக்குப் போடுற மாதிரி போட்டேன். போடலாமான்னு அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். தலையாட்டுனாரு."

கீழே ரோட்டில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. அக்கா முந்திக்கொண்டாள். காரிலிருந்து இறங்காமலே கேட்டாள்.

"அவ ஒத்தையில ஏறுனப்ப ஏன் சொல்லல?"

அத்தான் முழங்காலைத் தேய்த்தார். "கொஞ்சம் வழுக்கும், பயந்துருவா. அப்பறமாச்சும் நம்ம சொல்றத கேப்பான்னு பாத்தேன். அவ்வளவுதான்லா."

அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். காரை இழுத்துப்போகும் லோரி வரும்வரை அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்தவளை இப்போது இறக்க முடியவில்லை.

எண்ணெய் குடித்த பேட் எதற்கும் ஆகாது. ஈப்போவில் அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே ரகத்தையே திரும்பவும் மாட்டினேன். மழையிலும் தடத்திலும் நான் நினைத்த இடத்தில் கார் நின்றது. அத்தான் மட்டும் இன்றைக்கும் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அந்த பேட் சரியில்லை, ஒரு தடவை நிற்காமல் தன் காலையே இடித்தது என்று. எண்ணெய்க் கதை அவர் வாயில் வருவதில்லை. நானும் பந்தியில் சண்டை போடுவதில்லை. அவரிடம் எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

போன மாதம் அந்த சீனர் பட்டறைக்கு நான் போனபோது, அக்காவின் சின்னக் கார் அங்கே வண்டி தூக்கும் மேடை மேல் ஏறியிருந்தது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்ன இங்கே என்று கேட்டேன். பிரேக் பார்க்கக் கொண்டுவந்தேன் என்றாள்.

அத்தானின் பட்டறை அவள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.