ஏழாவது வரி

இற்றுப்போன தகட்டின் மேல் நான் போட்ட பெருக்கல் குறியை நானே துடைத்தேன். வலது உள்ளங்கையால், இரண்டே இழுப்பில். அந்தத் தகட்டின் மேல் ஒரு பெண் கால் வைத்து உட்காரப் போகிறாள் என்று தெரிந்தே துடைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது…

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். வகுப்பில் ஒரே பெண். படித்து முடித்ததும் கண்ணமங்கலத்தில் என் அண்ணன் குமரேசன் நடத்தும் கார் ஷெட்டிலேயே வேலைக்கு நின்றேன். பழைய கார் ஒன்று கைமாறும் முன் அதன் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. பன்னிரண்டு இடங்கள். ஒன்று, முன்கதவின் அடி. இரண்டு, பின்கதவின் அடி. மூன்று, கண்ணாடி ரப்பருக்குக் கீழே. நான்கு, ஜாக்கி வைக்கும் இடம்… இப்படிப் போகும். காருக்கு அடியில் நின்று பார்க்க ஷெட்டில் வெட்டிய பள்ளத்தில் இறங்கி, சிறு சுத்தியால் ஒவ்வோர் இடத்தையும் தட்டுவேன். நல்ல தகடு கணீரென்று பேசும். துருப்பிடித்தது சொத்தென்று வாயடைத்துக்கொள்ளும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் காகிதத்தில் எழுதித் தருவேன். தெரியாதவர்களுக்குக் காகிதத்தோடு சாக்பீஸும் உண்டு. நல்ல இடத்தில் ஒரு கோடு, கெட்ட இடத்தில் பெருக்கல் குறி. வாங்குகிறவர் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கிப் பெருக்கல் குறிகளை எண்ணிக்கொள்வார். மலையிலிருந்து வருகிறவர்கள் என் காகிதத்தை நம்பியதைவிட என் சாக்பீஸை நம்பினார்கள்.

குறியைத் துடைத்தேனே, அந்தக் கார் எங்களுடையது. பதினாலு வருஷம் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது.

"அந்தக் காலத்து வண்டிங்க, தகரம் இன்னா கனம் பாருங்க!" என்று அண்ணன் பானெட்டைத் தட்டிக் காட்டுவார். கனம் உண்மைதான். ஆனால் இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் யாரும் பெயிண்ட் அடித்திருக்கவில்லை. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிக்குள்ளும் வெறும் இரும்பு. கனமான தகடு துருவைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவே. இந்த மாதிரிக் கார்களுக்கு அடியில் தாங்கத் தனி இரும்புச் சட்டமும் கிடையாது. தகடே எலும்பு. தகடு போனால் எல்லாம் போயிற்று.

எங்கள் கார் கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புளி! ஜவ்வாது மலையில் புளியைக் கொட்டை நீக்கி, கெடாமலிருக்க உப்புப் போட்டு மூட்டை கட்டுவார்கள். பருவந்தோறும் எங்கள் கார் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஏறி, உறவுக்காரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துப் புளி வாங்கி இறங்கும். டிக்கி நிறைந்துவிட்டால் மூட்டைகள் பின்சீட்டின் கால்மாட்டுக்கு வரும். உப்பும் புளிப்பும் கசிந்து ரப்பர் விரிப்புக்கு அடியில் தங்கும். நாங்கள் விரிப்பைத்தான் கழுவினோம். அதன் அடியை யார் பார்த்தது?

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இடது பின்சீட்டின் கால்மாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. விடுமுறையில் நானே அதை அடைத்தேன். புதுத் தகடு வெட்டினேன், ரிவெட் அடித்தேன், பட்டி பூசினேன், மேலே தார். அண்ணன் ஊரிலிருந்து திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வெறி. அதனால் ஒன்றைச் செய்யாமல் விட்டேன். கெட்ட தகட்டை நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எறிந்திருக்க வேண்டும். நான் வெட்டவில்லை. மூடினேன்.

முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தது அது!

ஆனால் ஒட்டு அழகாக இருந்தது. "பொம்பள புள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு?" என்று கேட்டவர்களை அண்ணன் பள்ளத்தில் இறக்கி அதைக் காட்டுவார். அவர்கள் தலையாட்டிக்கொண்டே ஏறி வருவார்கள். ஷெட்டில் எனக்கு இருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு முழத் தகட்டின் மேல்தான் நின்றது.

காரை வாங்க முனுசாமி வந்தார். ஜமுனாமரத்தூருக்கும் மேலே, பேருந்து போகாத ஓர் ஊர். சாமையும் புளியும் விளைவிக்கிறவர். முன்பு ஜீப் ஓட்டியவர். அந்த ஊரில் பிரசவ வலி கண்ட ஒருத்தியைத் தொட்டிலில் கட்டித் தூக்கி வந்தபோது, பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துபோனதாம். "இனிமே எங்க ஊர்ல யாரும் அப்பிடிப் போவக் கூடாதுங்க" என்றார். அதற்குத்தான் கார். கூட மனைவி பொன்னியும், ஐந்து வயது மகள் செல்வியும் வந்திருந்தார்கள்.

நான் பள்ளத்தில் இறங்கினேன். தட்டத் தட்டக் காகிதத்திலும் எழுதிக்கொண்டேன், தகட்டிலும் குறித்தேன். முதல் ஆறில் கதவடி ஒன்றுக்கு மட்டும் பெருக்கல், மற்றவை தேவலாம். ஏழாவது என் ஒட்டு.

தட்டினேன். சொத்.

ஓரத்தில் தட்டினேன். சொத்… திருப்புளியை வைத்து அழுத்தினேன். ரிவெட்டுக்குப் பக்கத்தில், பிஸ்கட்டில் நுழைவது போல் நுழைந்தது. நான் பூசிய தார் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்து, நல்லதையும் தின்ன வைத்திருந்தது. கருப்புத் தோல் மட்டும் வழவழப்பாக இருந்தது.

பெருக்கல் குறி போட்டேன். காகிதத்திலும் எழுதினேன்: 'ஏழு. இடது பின் கால்மாடு. ஒட்டுக்கு அடியில் முழுவதும் இற்றுவிட்டது. ஆள் உட்காரக் கூடாது.'

மேலே பேச்சுக் கேட்டது.

"இன்னாம்மா கலா, இன்னும் ஆவலியா?" அண்ணன்.

"பாக்கட்டும்ங்க, பாக்கட்டும்" என்றார் முனுசாமி. "பொண்ணு பாக்கப் போனப்போ கூட நான் இவ்ளோ நேரம் பாக்கலீங்க."

"பாத்திருந்தா இந்த ஆளு எழுந்து ஓடிப் பூட்டிருக்கும்" என்றாள் பொன்னி. "நான்தான் அடியில பூந்து பாக்காம மாட்டிக்கினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே அண்ணன் சொன்னார்: "பயப்படாதீங்க. பின்னால ஒரு ஒட்டு கீது பாருங்க, அது என் தங்கச்சி போட்டது. வண்டி போனாலும் அது போவாது."

அப்போதுதான் துடைத்தேன்.

காரணங்களைப் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்று, அண்ணனின் சொல் பொய்யாகிவிடும். இரண்டு, மறுபடியும் அந்த ஸ்பேனர் பேச்சு எழும். மூன்று… மூன்றாவதுதான் நிஜம். நான் தப்பு செய்கிறவள் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. அந்தப் பள்ளத்தின் இருட்டில், எனக்கு அதைவிடப் பெரியதாக வேறெதுவும் தெரியவில்லை.

மீதி ஐந்து இடங்களையும் தட்டிக் குறித்துவிட்டு ஏறினேன். முனுசாமி டார்ச்சோடு இறங்கினார். விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். "ரெண்டு பெருக்கல்தான் கீது" என்று சந்தோஷமாகச் சொன்னார். கதவடியில் ஒன்று, டிக்கியில் ஒன்று. மூன்றாவது என் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். ஏழாவது வரி அதில் அப்படியே இருந்தது. வந்ததுமே முன்பணச் சீட்டில் அவர் கைநாட்டு வைத்ததை நான் பார்த்திருந்தேன். காகிதத்தில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இன்று நினைக்கிறேன்… நாளை கேள்வி எழுந்தால் 'எழுதித்தானே கொடுத்தேன்' என்று சொல்ல ஒரு பொந்து வைத்துக்கொண்டேனோ? படிக்கத் தெரியாதவர் கையில் உண்மையைக் கொடுப்பது என்ன நேர்மை! நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, புளிப் பருவத்தில் நடந்தது. செல்வி முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில். பொன்னி பின்னால், இடது பக்கம். கால்மாட்டில் ஒரு மூட்டை. மலைப்பாதையின் ஒரு வளைவில் சக்கரம் குழியில் இறங்கி ஏறியபோது என் ஒட்டு அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. மூட்டை சாலையில் விழுந்தது. மூட்டையோடு அவளுடைய இடது காலும் இறங்கியது.

கார் நிற்பதற்குள்… இதை எழுத வேண்டாம்.

வேலூரில், ஆஸ்பத்திரியில், அவளைப் பார்க்கப் போனேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. குதிகாலில் பாதி இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் நகர்ந்து கட்டிலில் இடம் கொடுத்தாள்.

"நான்தாம்மா காரணம்" என்றாள். "மூட்டைய டிக்கியில போடுன்னாரு. நான்தான் கால்மாட்டுல வெச்சேன்."

முனுசாமி என் எதிரே நின்றார். "ஏம் பாப்பா, நான் இன்னா தப்பு பண்ணேன்? நல்லா பாத்துத்தானே குடுத்த?"

"உப்புப் போட்ட புளிண்ணா… உப்பும் ஈரமும் இரும்பைத் தின்னுடும்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இரண்டு மாதத்தில் எந்த உப்பும் ஒரு தகட்டைத் தின்று தீர்க்காது. படித்த எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே, நான்காக மடித்த என் காகிதம்!

"பத்திரமா வெச்சிருக்கேன். இன்னா எழுதிக் கீறன்னு ஒரு தபா படிச்சுக் காட்டு பாப்பா. உப்பு வெக்கக் கூடாதுன்னு முன்னமே எழுதிக் கீறியோ இன்னாவோ. நாங்கதான் கேக்காம வுட்டுட்டோம்."

வாங்கினேன். பிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நிதானமாகப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு… எட்டு.

யாரும் எண்ணவில்லை.

பன்னிரண்டு வரை படித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தேன். கிழித்திருக்கலாம். கை தவறிப் போனதாகச் சொல்லி எடுத்து வந்திருக்கலாம். அதற்கும் துணிவில்லை. "சொல்லி வெச்ச மாதிரி எல்லாம் சரியாத்தான் எழுதிக் கீற" என்று அவர் அதை உறையில் போட்டுக்கொண்டார்.

குறியைத் துடைத்தது ஒரு கணத்தின் காரியம். ஆனால் இது? வரிக்கு வரி மூச்சு விட்டு, தெரிந்து, தாண்டிப் படித்தேன். எது பெரிய குற்றம் என்று என்னால் இன்னும் வரிசைப்படுத்த முடியவில்லை.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. மலையில் இப்போது காரிலோ ஜீப்பிலோ உப்புப் புளி ஏற்றுவதில்லை. முனுசாமி போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி அது ஒரு கட்டுப்பாடு போல் ஆகிவிட்டது. மூட்டைகள் பேருந்தின் கூரையில்தான் இறங்குகின்றன. என் பொய்க்கு ஒரு மலையே கீழ்ப்படிகிறது!

போன மாதம் முனுசாமி ஒரு பழைய ஜீப்பை ஷெட்டுக்கு ஓட்டி வந்தார். வாங்கப் போகிறாராம். பொன்னி அதில் ஏறாமல் பேருந்தில் வந்திறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

"கலா குறி போட்டாத்தான் ஏறுவேன்னுட்டா" என்றார் அவர்.

"ஆமா. உன்ன நம்பி ஒரு தபா ஏறினது போதும்" என்று அவள் அவரை இடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'அக்கா' என்ற வரைக்கும் வந்தது. அவள் "இன்னாம்மா?" என்றாள். "வெயில்ல நிக்காதீங்க" என்றேன்.

பள்ளத்தில் இறங்கினேன். பன்னிரண்டு இடங்களையும் இரண்டு முறை தட்டினேன். நல்ல ஜீப். எல்லாம் கணீர். கோடு போட்டு, காகிதத்திலும் இம்முறை தனித்தனி எழுத்தாக எழுதி, மேலே வந்தேன்.

காகிதத்துக்கு முதலில் கை நீட்டியது செல்வி. எட்டு வயது. இரட்டைப் பின்னல்.

"மூணாங்கிளாஸ் பூட்டா" என்றாள் பொன்னி. "வழியில கீற போர்டெல்லாம் படிச்சுத் தொல்ல பண்றா."

செல்வி ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்தாள். "ஒன்று… முன்… கதவு…" ஏழில் சற்றுத் திக்கினாள். "கா…ல்…மாடு. நன்று." பன்னிரண்டையும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எங்க வூட்லயும் இதே மாதிரி ஒண்ணு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்காங்க க்கா. அது கூட்டெழுத்து. பாதிதான் புரியுது. லீவுல உக்காந்து முழுசும் படிச்சுடுவேன்."

முனுசாமி பெருமையோடு அவள் தலையைத் தடவினார். பொன்னி இரு கையாலும் இடது காலைத் தூக்கி ஜீப்புக்குள் வைத்தாள். பிறகு தானும் ஏறினாள். வண்டி மலைப் பக்கம் திரும்பியது. நான் சாக்பீஸோடு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்…

பள்ளிக்கூடங்களுக்குப் போன வாரம் லீவு விட்டார்கள். மலையிலிருந்து ஜீப் இறங்கும் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். மலைப் பேருந்தும் ஒரு நாளைக்கு மூன்று முறை எங்கள் ஷெட்டின் எதிரே நிற்கிறது. காலை ஒன்பதே கால். மதியம் ஒன்று. மாலை ஐந்தரை. ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, இறங்குகிறவர்களை எண்ணுகிறேன்.