பதினான்காம் நாள் பிரெஞ்சு டோஸ்ட்

பட்டர்வொர்த்தில் வேலை முடிந்து ஃபெரிக்கு வரும் வழியில் தாட்சாயினியின் மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சராகிவிட்டது. கைப்பேசியும் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. ஒருவழியாகப் படகில் கடலைக் கடந்து தீவுக்கு வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐரீன் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறியபோது மணி எட்டேகால். தினமும் ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவள். ஏழு மணியைத் தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் மூத்தவள் ராகினி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவாள்.

அன்றைக்கு அழுகைச் சத்தமே இல்லை. திரைச்சீலையை இழுத்து மூடிய ஹாலில் ராகினியும் தம்பி கபிலனும் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். "அம்மா இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டாங்க" என்றாள் ராகினி. தாட்சாயினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கடிகாரத்துக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் கிடந்தது. ஐரீன் அக்கா காப்பித் தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் காலை கடிகாரம் சரியாக ஓடியது. அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவேயில்லை.

ஐரீன் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பீட்டருக்கு மாக் மண்டின் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் வேலை. மகள் மிஷெல் கல்யாணமாகி ஜொகூரில் இருந்தாள். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு அணையாமல் எரியும். ஞாயிற்றுக்கிழமை பூசையை ஒருநாளும் விட்டதில்லை. பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. கை வேலை செய்தால்தான் வாய்க்கு ருசி தெரியும் என்பார்.

மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய ரொட்டி மறுநாளைக்கு மிஞ்சினால் அந்த வீட்டில் பிரெஞ்சு டோஸ்ட் என்று அர்த்தம். புது ரொட்டி பாலில் கரைந்துபோகும், ஒருநாள் பழசுதான் அதற்குத் தோது. முட்டை உடைப்பது ஆறு வயதுக் கபிலனின் உத்தியோகம். ஓடு விழுந்தால் அவனே பொறுக்க வேண்டும். பால், சீனி, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத்தூள் போட்டு முள்கரண்டியால் அடிப்பது ராகினி. ரொட்டியை ஒரு பக்கத்துக்கு மூன்று எண்ணும்வரை நனைத்து எடுத்துவிட வேண்டும். நாலு எண்ணினால் "ரொட்டியைக் குளிப்பாட்டுறியா?" என்று அக்கா கேட்பார். தோசைக்கல்லில் போட்டுத் திருப்புவது மட்டும் அவர் கை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கபிலனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, தான் ஒரு நேர்த்தி வைத்திருப்பதாக ராகினி சொன்னாள். தம்பி நல்லபடியாகத் திரும்பினால் இருபத்தொரு நாள் விரதம் இருந்து தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக யாரிடமும் கேட்காமல் வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை. தாட்சாயினியும் கணவன் கார்த்திகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த தைப்பூசம் பள்ளி விடுமுறையில் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை பிள்ளைகள் ஐரீன் அக்கா வீட்டில்தான். முதல் நாளே தாட்சாயினி, விரதம் அக்கா, ராகினிக்குக் கறி மீன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அக்கா விரதப் பிள்ளைக்கென்று புதுச் சட்டியே வாங்கிவிட்டார். முட்டையைப் பற்றி தாட்சாயினி சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்ன என்பது அவள் நினைப்பு. ஐரீன் அக்கா கேட்கவும் இல்லை. அவர் வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் கறி இல்லாத நாள், முட்டைக் குழம்பு வைக்கிற நாள். விரதத்துக்கும் முட்டைக்கும் பகை உண்டென்று அவருக்கு ஐம்பத்தைந்து வருஷமாக யாரும் சொன்னதில்லை.

பதினான்காம் நாள் ரொட்டி மிஞ்சியது. அன்று நடந்ததைக் கீழ்வீட்டு நூர் பீவி பின்னாளில் சொல்லித்தான் தாட்சாயினி முழுதாகத் தெரிந்துகொண்டாள். ராகினி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கபிலன் முட்டையை உடைத்துக் கலக்கியும் விட்டான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த பிள்ளை, பசியில் ஒன்றும் யோசிக்காமல் பட்டைத்தூளைத் தூவி, ரொட்டியை நனைத்து, இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டாள். மூன்றாவதைக் கடிக்கும்போதுதான் நூர் பீவி பாத்திரம் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தார்.

"ஏன் ஐரீன், இந்தப் புள்ள நோன்பாச்சே. முட்டை திங்கலாமா?"

ராகினி மெல்லுவதை நிறுத்தினாள். அழவில்லை. குழாயடிக்குப் போய் ஏழு தடவை வாய் கொப்பளித்தாள். "நானும்தான் தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே" என்று கபிலன் ஆறுதல் சொல்லப் பார்த்தான். முகம் வெளுத்து நின்ற ஐரீன் அக்காவிடம் நூர் பீவி, தெரியாமல் நடந்ததுதானே, தாய்க்குச் சொல்லாமல் விட்டுவிடு, பிள்ளையிடமும் வாய் திறக்காதே என்று சொல்லிவை என்று யோசனை சொன்னாராம். அக்கா முடியாது என்று தலையை ஆட்டினாராம்.

சாயங்காலம் தாட்சாயினி வந்தபோது ஐரீன் அக்கா கீழே மாடிப்படி ஓரத்திலேயே காத்திருந்தார். ஒருநாளும் அப்படி நின்றதில்லை. "தாட்சா, நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன்மா" என்று ஆரம்பித்து, தன் தப்பில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

தாட்சாயினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்துக்களோடு பழகி இதுகூடத் தெரியாதா என்று கேட்டாள். கேட்கக்கூடாத இன்னும் இரண்டு வார்த்தையும் கேட்டாள். "பதினாலு நாளு அக்கா. அந்தப் புள்ள கலண்டர்ல ஒவ்வொரு நாளா வட்டம் போட்டு வச்சிருக்கா." அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டுக்குப் போனதும் ராகினி பால்குடம் எடுக்கமாட்டேன் என்றாள். இருபத்தொரு நாள் என்று முருகனிடம் சொன்னது தான்தான், இனிமேல் எடுத்தால் அது பொய் என்றாள். படுக்கப்போகும் முன் தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் திரும்பி வந்துவிடுமோ என்று பிள்ளை பயப்படுகிறது என்பது அப்போதுதான் தாட்சாயினிக்கு உறைத்தது. நாளையிலிருந்து பிள்ளைகளை அங்கே விடப்போவதில்லை என்று கார்த்திகனிடம் சொன்னாள்.

"அவங்க சொல்லாம இருந்திருந்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் அவன் கேட்டான்.

மறுநாள் காலை தாட்சாயினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐரீன் அக்கா வீட்டுப் படியைத்தான் ஏறினாள். அக்கா பூசைக்குக் கட்டுகிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, குடையோடு தயாராக நின்றிருந்தார். ஐயரைப் பார்க்கப் போகலாமா, தப்பு செய்தது நான், நானே கேட்கிறேன் என்றார்.

கோயில் ஐயர் வயதானவர். ஐரீன் அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ராகினியைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிள்ளை, பதினான்கு நாள் போய்விட்டது, ஏழு நாள்தான் இருக்கிறது, கணக்கு வராது என்றாள்.

"முருகன் என்ன கணக்கு வாத்தியாரா? தெரியாமச் சாப்பிட்டது குத்தமில்ல. இன்னிக்குத் தலைக்குக் குளிச்சு விளக்கேத்து. மிச்ச ஏழு நாளும் இரு."

"தம்பிக்குத் திரும்பவும் காய்ச்சல் வராதா?"

"உன் தம்பிய முருகன் அப்பவே குடுத்துட்டாரே. குடுத்தத திருப்பிக் கேக்குற பழக்கம் அவருக்கு இல்ல."

ராகினி வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். படியிறங்கும்போது ஐரீன் அக்கா, அந்த ஏழு நாளும் தானும் கூடவே விரதம் இருக்கப்போவதாகச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல்தான் என்பதால், சாயங்காலம் அதைக் கேட்டு பீட்டர்தான் ஆடிப்போனார். தைப்பூசத்துக்கு நான் எதற்கு விரதம் இருக்க வேண்டும், எனக்கு அடுத்த மாசம் தவக்காலம் வருகிறதே என்றார். அதையும் சேர்த்து முன்கூட்டியே இருந்துவிடுங்கள் என்று அக்கா சொல்லிவிட, மனிதர் ஏழு நாளும் பட்டறைக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாளே பிள்ளைகளும் அக்காவும் முட்டையில்லாத பிரெஞ்சு டோஸ்ட் செய்ய இறங்கிவிட்டார்கள். ராகினி இப்போது எதையும் நம்புவதில்லை. ரொட்டி உறை, பால் டின் எல்லாவற்றையும் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் சட்டிப் பக்கம் விட்டாள். முதலில் கடலை மாவில் நனைத்துப் போட்டார்கள். "ஆன்ட்டி, இது பஜ்ஜிலா" என்றான் கபிலன். அடுத்து வாழைப்பழத்தைப் பிசைந்து பார்த்தார்கள். அது கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மூன்றாவதாக முட்டை சேராத கஸ்டர்ட் மாவை ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சீனியும் பட்டைத்தூளும் போட்டு, மூன்று எண்ணி நனைத்து, நெய்யில் சுட்டார்கள். ஓரம் முறுகி, நடு மெத்தென்று, பழைய நிறத்திலேயே வந்தது. நூர் பீவியைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். தின்றுவிட்டு, முட்டை போட்டதைவிட இது நன்றாக இருக்கிறதே, இத்தனை நாள் முட்டையை வீணாக்கினீர்களா என்றார். வேலை விட்டு வந்த தாட்சாயினிக்கும் ஒரு துண்டு எடுத்துவைத்திருந்தார்கள். நின்றபடியே சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள்.

தைப்பூசத்தன்று மஞ்சள் பாவாடை கட்டி, பால்குடம் தூக்கி, ராகினி தண்ணீர்மலைப் படியெல்லாம் ஏறினாள். ஐரீன் அக்கா அடிவாரத்தில் ஒரு கையில் கபிலனையும் மறுகையில் பிள்ளையின் செருப்பையும் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அவருடைய ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டு நின்றார். இறங்கி வந்த ராகினி தம்பிக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள். அதன்பிறகு காய்ச்சல் இருக்கிறதா என்று அவன் நெற்றியை அவள் தொட்டுப் பார்க்கவேயில்லை.

அந்த வருஷக் கடைசியில் கார்த்திகனுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் வேலை கிடைத்தது. வீடும் அங்கேயே பார்த்தார்கள். சில மாசத்தில் பீட்டரும் வேலையை விட்டு, அவரும் அக்காவும் ஜொகூருக்கு மகளிடமே போய்விட்டார்கள். பத்து காவானுக்கு லோரியில் சாமான் ஏற்றிய காலையில் பார்த்ததுதான் ஐரீன் அக்காவைத் தாட்சாயினி கடைசியாகப் பார்த்தது. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டு, காரில் ஏற்றிவிட்டு, அக்கா ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"தாட்சா, அங்க புதுசா ஒருத்தவங்ககிட்ட புள்ளைங்கள விடுவ. அவங்களும் ஏதாவது தப்பு செய்வாங்க. வந்து சொன்னாங்கன்னா திட்டு, நல்லா திட்டு. ஆனா மறுநாளும் புள்ளைங்கள கொண்டுபோய் விடும்மா."