நல்லமுத்துவின் தொங்குகட்டில்

திருச்சுழிக்குத் தெற்கே, மினி பஸ்ஸு வந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில், ஒரு மனுசன் காலையும் மாலையும் தலைகீழாகத் தொங்குகிறான் என்று பேச்சுக் கிளம்பியபோது யாரும் முதலில் நம்பவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் பார்த்துவிட்டுச் சும்மா போவார்களா? வௌவால் என்றார்கள். கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட கிடா என்றார்கள். தொங்குகிற நல்லமுத்துவுக்கு எல்லாம் கேட்டது. ஆனால் எதுவும் உறைக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவருக்கு எதுவும் உறைப்பதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக ஒரு குட்டியானை, அதுதான் அந்தச் சின்னச் சரக்கு வண்டி, வைத்திருந்தார். ஊர்ப் பருத்தியை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோவார், திரும்பும்போது உர மூட்டையோ மாட்டுத் தீவனமோ ஏற்றி வருவார். ஓட்டுவதும் அவர்தான், ஏற்றி இறக்குவதும் அவர்தான். கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படியே எத்தனை வருசம் ஓடும்? பந்தல்குடியில் ஒரு மூட்டைக்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை. டயரைப் பிடித்துக்கொண்டு வளைந்த மேனிக்கு நின்றவரை இரண்டு பேர் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள்.

மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்கு நடுவிலிருக்கிற சவ்வு பிதுங்கி இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது, ஆபரேசன் செய்துகொள்வது நல்லது என்றார். தள்ளிப் போடுவதானால் ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். வலி கூடும் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கால் மரத்துப்போவது கூடினால் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்ற மனைவி முருகலட்சுமி அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள். நல்லமுத்துவின் காதில் ஏறியது வேறு. ஆபரேசனுக்கு அப்புறம் தலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அது ஒன்றுதான் ஏறியது.

அவர் கவலை பருத்தி மூட்டை இல்லை. சாமிப் பெட்டி.

அவர் வம்சத்தின் குலசாமிப் பெட்டி நல்லமுத்து வீட்டில்தான் இருக்கிறது. சாமியின் பட்டு, சலங்கை, வெண்கல மணி, முழநீள அரிவாள் எல்லாம் அடங்கிய மரப்பெட்டி. மாசி மாதம் சிவராத்திரிக்குக் களரி என்கிற சாமி கும்பிடு கூடும்போது, வீட்டிலிருந்து கண்மாய்க்கரை அய்யனார் கோயில் வரை அதைத் தலையில் வைத்துச் செருப்பில்லாமல் நடந்து கொண்டுபோக வேண்டும். வழியில் எங்கேயும் தரையில் இறக்கக் கூடாது. மூத்தவன்தான் தூக்க வேண்டும், அவனால் முடியாவிட்டால் இளையவன். ஒருதரம் இளையவன் தலைக்கு மாறிவிட்டால் பெட்டி அவன் வீட்டோடு போய்விடும், திரும்பி வராது. இளையவன் யார்? பால்ச்சாமி. வரப்போரத்து வேப்பமரத்தை யார் வெட்டினது என்கிற சண்டையில் முகம் பார்த்துப் பேசுவதை விட்ட தம்பி. பேச்சு இல்லையே தவிர, வருசா வருசம் பெட்டிக்குப் பின்னால் நடந்து வருவான். அது அவன் முறை. அண்ணன் எப்போது தடுமாறுவான் என்று பார்க்கத்தான் வருகிறான் என்பது நல்லமுத்துவின் நினைப்பு.

அதனால் மகள் மாரிக்கனி போனில் அழுதபோதும் அவர் ஆபரேசனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருமகன் பாண்டிராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். போனில் எதையோ பார்த்துவிட்டு இந்தக் கட்டிலை ஆர்டர் போட்டு அனுப்பி வைத்தார். இரும்புச் சட்டம், நடுவில் மெத்தைப் பலகை, கீழே கணுக்காலை இறுக்குகிற பூட்டு. காலைப் பூட்டிக்கொண்டு சாய்ந்தால் பலகை அப்படியே சுழன்று தலையைக் கீழே கொண்டுபோய்விடும். உடம்பின் பாரமே முதுகெலும்பை இழுத்துச் சவ்வுக்கு இடம் விடும் என்று மருமகன் விளக்கினார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் சொன்னார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நல்லமுத்து கேட்கவில்லை.

முதல் நாள் தலை கீழே போனபோது முருகலட்சுமி பயந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். போகப் போகப் பழகிவிட்டது. பருத்தி அடைகிற அறையில் தொங்கிக்கொண்டு, கூரையைப் பார்ப்பது போல அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவியின் கால் வரும், போகும். ரத்தம் தலைக்கு இறங்கிக் காது அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தம்பி ஞாபகம் வராது, பெட்டி ஞாபகம் வராது, ஒன்றும் வராது. இறங்கின பிறகும் அந்த ஒன்றுமில்லாமை அவரோடேயே வந்தது. மாரிக்கனி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டபோது, பேரனைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். என்ன மனுசன் இவர் என்று முருகலட்சுமிக்கு வருத்தமாக இருந்தது.

ஆனால் வலி குறைந்தது. பொய் சொல்லக் கூடாது, முதலில் நிஜமாகவே குறைந்தது. நிமிர்ந்து நடந்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். தை பிறந்ததும் இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்குகிற அந்த வலியும் நின்றுவிட்டது. முருகலட்சுமி கட்டிலுக்கு மஞ்சள் குங்குமமே வைத்துவிட்டாள். மருமகனுக்கு ஊரெல்லாம் நல்ல பேர்.

ஒருநாள் நல்லமுத்து திருச்சுழிக்குப் போய்விட்டு மினி பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது காலில் செருப்பு இல்லை. அதைத் தெருமுனையில் எதிரே வந்த ஆள் சொல்லித்தான் குனிந்து பார்த்தார். பஸ்ஸுக்குள்ளேயே கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. முருகலட்சுமி சிரித்தாள், நாளைக்கு வேட்டியையும் விட்டுவிட்டு வாருங்கள் என்றாள். அவரும் சிரித்து வைத்தார். சிவராத்திரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. களரி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தார். அந்த நினைப்புத்தான் கேடு.

கையில் விரதக் காப்புக் கட்டியதும் வேறொரு சிக்கல் வந்தது. காப்புக் கட்டினவன் கட்டிலில் படுக்கக் கூடாது, களரி முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை சரி, இந்த இரும்பு கட்டிலா, கட்டில் இல்லையா? ஊரே கூடிப் பேசியது. நாலு காலும் பலகையும் இருந்தால் கட்டில்தான் என்றது ஒரு கட்சி. கட்டில் என்றால் தூங்கணும், தலைகீழாக எவன் தூங்குவான் என்றது இன்னொரு கட்சி. பூசாரி ஆண்டிச்சாமி நேரில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுகமாகப் படுத்தால்தான் குற்றம், மெத்தையை உரித்துவிட்டுக் கோரைப்பாயைக் கட்டிக்கொண்டு தொங்கினால் அது தவக் கணக்கில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். பாய் முதுகில் உறுத்தியது. காலில் பூட்டு இறுகித் தோல் உரிந்திருந்ததை முருகலட்சுமி சொல்லித்தான் அவர் பார்த்தார். விரதம் அல்லவா, சாமி தாங்க வைக்கிறது என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொன்னது அந்த நேரம் அவளுக்குத் தோன்றவில்லை.

சிவராத்திரி அன்று வெயில் தாழ்ந்ததும் பெட்டி கிளம்பியது. கொட்டு முன்னால் போனது. நல்லமுத்து தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்டி. பின்னாலேயே பால்ச்சாமி. கருவேலங்காட்டு வண்டிப்பாதையில் இடது காலை எடுத்து வைக்கும்போது அது தரையைத் தொட்டுவிட்டதா என்று அவருக்கே சந்தேகம். வலது காலை வைத்துக் கணக்குப் போட்டு நடந்தார். கழுத்து இறுகியது, தோள் நடுங்கியது. முதுகு வலிக்கவில்லை. பாதி வழியில், "ரத்தம், ரத்தம்" என்று யாரோ சொன்னார்கள். பாதையில் ஒன்று விட்டு ஒன்றாக ரத்தக்கால் பதிந்து வந்தது. நல்லமுத்து முகத்தில் ஒரு சுழிப்பு இல்லை. அவ்வளவுதான், பெண்கள் குலவை போட்டார்கள். முள் தைத்தும் தெரியாத அளவுக்குச் சாமி இறங்கியிருக்கிறது என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எதற்குக் கும்பிடுகிறார்கள் என்று பெட்டி சுமந்தவருக்கு விளங்கவில்லை.

கோயிலில் பெட்டியை இறக்கி வைத்ததும், முறைப்படி முருகலட்சுமி மஞ்சள் தண்ணீரால் கால் கழுவினாள். இடது பாதத்தில் கருவேல முள் முழுசாக ஏறி ஒடிந்து நின்றது. அவள் நகத்தால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஊக்கால் கீறி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். நிமிர்ந்து பார்த்தால் அவர் கோபுரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. காலைப் பிடித்துவிடுகிற பாவனையில் ஊக்கால் கால்விரலில் குத்தினாள். குதிகாலில், கணுக்காலில், கெண்டைச் சதையில்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"முழங்காலுக்கு மேலதான் தெரியும், முருகு. தை மாசத்துல இருந்தே இப்படித்தான்."

அதற்குள் ஆட்கள் வரிசையாக அந்தக் காலில் விழ ஆரம்பித்தார்கள். ஒரு பெண் நெற்றியைப் பாதத்தில் வைத்து அழுதாள். நல்லமுத்து அவளைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இத்தனை நாள் இல்லாமல் அவருக்கு வெட்கம் வந்தது.

"எந்திரி ஆத்தா. அருளும் இல்ல ஒண்ணும் இல்ல. காலு செத்துப்போச்சு."

ஆண்டிச்சாமி இரண்டு கையையும் தூக்கினார். சாமி காலையே காணிக்கையாக எடுத்துக்கொண்டது, அதைத் தன் வாயாலேயே சொல்கிறது என்று அறிவித்தார். குலவை முன்பைவிடப் பலமாக எழுந்தது. உள்ளதைச் சொன்னால் எவன் கேட்கிறான்?

கூட்டத்தில் குலவைக்கும் கும்பிடுக்கும் அசையாமல் நின்றது பால்ச்சாமி ஒருத்தன்தான். வழி நெடுக அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வந்தவன் அவன். நல்லமுத்து அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். பிறகு மணிக்கட்டிலிருந்த காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். காப்பை அவிழ்க்காமல் எல்லை தாண்டி டாக்டரிடம் போக முடியாது. களரி முடியுமுன் அவிழ்த்தால் பெட்டி தம்பி வீட்டுக்குப் போய்விடும். கொட்டு நின்றது. அவர் தம்பியிடம் காப்பை நீட்டினார்.

"இந்தா, நீ கட்டிக்க."

பால்ச்சாமி வாங்கினான். இத்தனை வருசம் அவன் பின்னால் நடந்தது இதற்காகத்தான் என்று நினைத்தவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். அவன் போய்ப் பெட்டியின் மேல் காப்பை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அது அங்கன கெடக்கட்டும். கட்டிக்கிட்டா நான் எல்லையத் தாண்ட முடியாது. வண்டிச் சாவியக் குடுண்ணே, மருதைக்குப் போவோம்."

பூசாரி என்னவோ சொல்ல வந்தார். முருகலட்சுமி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கோயில் சாமான் ஏற்றி வந்த குட்டியானை கண்மாய்க்கரையில்தான் நின்றது. நல்லமுத்து கதவைப் பிடித்து வலது காலை வைத்து ஏறிவிட்டார். இடது கால் வெளியே தொங்கியது. தூக்கப் பார்த்தார், அது அசையவில்லை. பால்ச்சாமி குனிந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தினான். ரத்தம் அவன் சட்டையில் பட்டது. பேச்சை விட்ட நாளிலிருந்து அண்ணனை அவன் தொட்டது இதுதான் முதல் தரம். மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தான். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நான் பிடிச்சிருக்கிறது தெரியுதாண்ணே?"

நல்லமுத்து தம்பியின் கையைப் பார்த்தார். விரல்கள் பாதத்தை அழுத்திப் பிடித்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

"தெரியுதுடா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகலட்சுமி கையிலிருந்த ஊக்கை மூடிச் சேலையில் செருகிக்கொண்டாள். பால்ச்சாமி கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.